இருநூற்றுப் பதினேழும் ஒன்றும்

சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்ட அடுத்த நிமிடமே ஜோதிமேரிக்கு உறைத்துவிட்டது. தப்பாகக் குத்திவிட்டாள்.

ஊராட்சித் தலைவருக்கான ரோஸ் நிறச் சீட்டில் இரண்டே சின்னங்கள். மேலே ஆட்டோ, கீழே பூட்டு சாவி. ஆட்டோவில்தான் குத்த வேண்டும் என்று ஒரு மாதமாக ஊரே ஓதிக்கொண்டிருந்தது. அவளும் ஆட்டோவை நினைத்துக்கொண்டுதான் போனாள். அட்டை மறைப்புக்குப் பின்னால் போய் முத்திரையைக் கையில் எடுத்ததும், "இராயப்பரே, நல்லபடியா முடிச்சுக் குடும்" என்று வாய் தானாக முணுமுணுத்தது. அங்கேதான் வினை வந்தது. இருபத்தாறு வருடமாக இராயப்பர் கோயிலைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். தினமும் வேலை முடிந்ததும் இராயப்பர் சுரூபத்தின் கையிலிருக்கும் மோட்சத்துச் சாவியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாள். இராயப்பர் பேரைச் சொன்னால் கை சாவிக்குப் போகும். அன்றைக்கும் போனது.

வெளியே வேப்பமரத்தடியில் அவள் புருஷன் சவேரியார் நின்றிருந்தார். இராயப்பர்துறை மீனவர் சங்கத்தின் தலைவர்.

"குத்திட்டியா?"

"குத்திட்டேன்."

"ஆட்டோதானே?"

தலையை ஆட்டினாள். ஒரு ஓட்டுதானே, கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடும் என்று நினைத்தாள்.

மாரியூர்ப் பக்கத்தில் கடலை ஒட்டியிருக்கும் சின்ன ஊர் இராயப்பர்துறை. அறுபத்து நான்கு தலைக்கட்டு, இருநூற்றுப் பதினெட்டு ஓட்டு. ஊராட்சியில் மொத்தம் ஒன்பது வார்டு. எட்டு வார்டும் கடலை விட்டு உள்ளே, துறைக்காரர்கள் உள்ளூர் என்று சொல்லும் பக்கத்தில், விவசாயம் பார்க்கும் சம்சாரிகளுடையவை. கடற்கரைக்கு ஒன்றே ஒன்று. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் ஒருவர், தலைவராக வருவது இந்த ஜென்மத்தில் நடக்காது என்று துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது மட்டும் இந்த இருநூற்றுப் பதினெட்டுக்கு மரியாதை வரும். அந்த மரியாதையைக் காப்பாற்றத்தான் ஊரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள்.

தேர்தலுக்கு முன்னால் தலைக்கட்டுக்கு ஓர் ஆண் என்று கூட்டம் கூடும். யாருக்குப் போடுவது என்று கை தூக்குவார்கள். எந்தப் பக்கம் கை அதிகமோ, அந்தப் பக்கமே ஊரின் பக்கம். தோற்றவர்களும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெயித்த பக்கத்துக்கே போடுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.

"ஓட்டு ரகசியம்னு சர்க்கார் சொல்லும். நமக்குள்ள என்னப்பா ரகசியம்? நாம கொஞ்சப் பேரு. பிரிஞ்சு நின்னா ஒருத்தன் திரும்பிப் பாக்க மாட்டான்" என்பார் சவேரியார்.

இந்தத் தடவை ஆட்டோ சின்னத்தில் நின்ற பாண்டித்துரைக்கு நாற்பத்தொரு கை, பூட்டு சாவியில் நின்ற மேலவயல் இருளாண்டிக்கு இருபத்து மூன்று கை. அந்த இருபத்து மூன்றும் மறுநாளே பாண்டித்துரையின் கைகள் ஆகிவிட்டன. குடிதண்ணீர்க் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார் பாண்டித்துரை. துறையின் பெண்கள் இன்னமும் மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொண்டுதான் குடம் நிறைக்கிறார்கள்.

"ஆனா ஒண்ணு சவேரியாரு. இருநூத்திப் பதினெட்டும் விழணும்" என்று விரலை நீட்டிச் சொல்லியிருந்தார் அவர்.

எண்ணிக்கை நடந்தது. பாண்டித்துரை முந்நூற்று நாற்பது ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கடற்கரைப் பெட்டியைத் திறக்காமலே இருந்திருந்தாலும் ஜெயித்திருப்பார். பெட்டியைத் திறந்தார்கள். ஆட்டோ இருநூற்றுப் பதினேழு. பூட்டு சாவி ஒன்று.

மறுநாள் நன்றி சொல்லத் திறந்த ஜீப்பில் துறைக்கு வந்தார் பாண்டித்துரை. கழுத்து நிறைய மாலை. மைக்கைப் பிடித்தார்.

"இருநூத்திப் பதினேழு பேருக்கும் நன்றி. அந்த ஒத்தைப் புண்ணியவானுக்கும் ஒரு கும்பிடு!"

கூட வந்தவர்கள் விசிலடித்தார்கள்.

சவேரியார் சால்வையோடு முன்னால் போனார். "குழாய் விசயம்..."

"போட்ருவோம்யா, எங்க போயிடப் போறேன்? ஆனா முழுசா வாரேன்னு சொன்னீக. கோயில்ல சத்தியம் வேற பண்ணுனீகளாமே? சாமி முன்னால சொன்னதையே காப்பாத்தல, நாளைக்கு எனக்கு என்னத்தக் காப்பாத்தப் போறீக? மொதல்ல அந்த ஆளு யாருன்னு கண்டுபுடிச்சுட்டு வாங்க. பெறகு குழாயைப் பத்திப் பேசுவோம்."

ஜீப் திரும்பிப் போனது. புழுதி அடங்கும் முன்னால் துறையின் கண்கள் எல்லாம் ஒரே வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டன.

டென்னிஸ் வீடு. அவன் பெண்டாட்டி சுகந்தி மேலவயல்காரி. டென்னிஸை விரும்பி, ஞானஸ்நானம் வாங்கி, எட்டு வருடத்துக்கு முன்னால் துறைக்கு வந்தவள். தோற்றுப்போன இருளாண்டி அவளுக்குச் சித்தப்பா முறை.

இது போதாதென்று இருளாண்டி டீக்கடையில் மீசையை முறுக்கிக்கொண்டு பேசியதை எவனோ போனில் பிடித்து அனுப்பிவிட்டான். "வேதக்காரத் துறையில எனக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கு. எம் மக போட்ட ஓட்டுய்யா அது! கட்டிக்கொடுத்தாலும் ரத்தம் ரத்தம்தான்." அந்த வீடியோ துறையின் எல்லாப் போனுக்கும் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் சுகந்தி ஊற்றுக்குக் குடத்தோடு வந்தாள். குனிந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, பாதிக் குடத்தோடு நகர்ந்துவிட்டார்கள். ஜோதிமேரி மட்டும் நின்றாள்.

"அத்தை, நான் ஆட்டோலதான் குத்துனேன். மாதா மேல சத்தியமா. சித்தப்பா மூஞ்சி மனசுல வந்துச்சு, இல்லைங்கல. ஆனாலும் ஊரு சொன்னதத்தான் செஞ்சேன். நீங்களாச்சும் நம்புறீகளா?"

"நம்புறேன் தாயி" என்றாள் ஜோதிமேரி. சுகந்தியின் குடத்தை வாங்கி, ஊற்றிலிருந்து மொண்டு மொண்டு நிறைத்துக் கொடுத்தாள். மொண்ட தண்ணீரில் பாதி மணலில் சிந்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு கூட்டம் என்று அறிவித்தார்கள். அன்று காலையில் சவேரியார் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தபோது ஜோதிமேரி சொல்லிவிட்டாள். இராயப்பர் பேரைச் சொன்னதும் கை சாவிக்குப் போனதையும் சொன்னாள்.

சீப்பு நின்றது. அவர் திட்டவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அந்தப் பொண்ணு..."

"ஏய், தலைவன் பொண்டாட்டியே சத்தியத்த முறிச்சான்னா எவன் நாளைக்கு என் பேச்சக் கேப்பான்? கட்டுப்பாடே போயிரும். கட்டுப்பாடு போனா துறை போயிரும். அவ எப்படியும் வெளிய இருந்து வந்தவதானே? போறதுக்கு ஒரு ஊரு இருக்கு. உனக்கு எங்க இருக்கு?"

சொல்லிவிட்டு மிச்சத் தலையையும் சீவி முடித்தார்.

பூசை முடிந்ததும் சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்குப் பைக்கில் கிளம்பிவிட்டார். ஆண்கள் வலைக் கொட்டகையில் உட்கார்ந்தார்கள். கொட்டகையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு வெளியே பெண்கள். சுகந்தி தன் மகள் ஆஸ்லினைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றாள்.

சவேரியார் தீர்மான நோட்டைப் பிரித்தார். "ஒரு ஓட்டு மாறிப் போச்சு. போட்ட ஆளு தானா எந்திரிச்சுச் சொல்லிட்டா மன்னிப்புண்டு. இல்லேன்னா கூட்டம் முடிவு பண்ணும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. ஜோதிமேரி கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

"நான்தான் போட்டேன்."

சவேரியார் நோட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

"தெரிஞ்சு போடல. இராயப்பரக் கும்பிட்டேன். கை சாவியில போயிருச்சு. அந்தப் பொண்ணு மேல பாவத்தப் போடாதீங்க."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "சேவல் சின்னமா இருந்திருந்தா, சேவல் கூவுமுன்ன இராயப்பர் மறுதலிச்ச மாதிரி மூணு தடவை குத்திருப்பீக போல, மதினி!"

கொட்டகை முழுவதும் சிரிப்பு பரவியது. ஒரு கிழவர் மட்டும் சிரிக்காமல் தலையாட்டினார். "சிரிக்காதீங்கடா. கோயிலைக் கூட்டிக் கூட்டி அந்தம்மா புனிதை மாதிரி, அர்ச்சிஷ்டவளாவே ஆயிட்டா. அடுத்தவ பாவத்தத் தன் தலையில ஏத்திக்கிறா. யாருக்கு வரும் இந்த மனசு?"

"நெசமாத்தான் சொல்றேன்! நான் போட்டதுதான்!"

"அப்படித்தான் சொல்லுவீக. உங்க நல்ல குணம் ஊருக்குத் தெரியாதா?"

சவேரியார் கையை உயர்த்தினார். சத்தம் அடங்கியது. அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் ஜோதிமேரியைப் பயமுறுத்தியது.

"ஜோதிமேரி ஒண்ணு சொல்லுது. என் பொண்டாட்டிங்கிறதுக்காக நான் ஏத்துக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. எல்லாம் முறைப்படி நடக்கட்டும். ஜோதிமேரிதான் போட்டதுன்னு நம்புறவங்க கையத் தூக்குங்க."

டென்னிஸ் கையைத் தூக்கினான். வேறு ஒரு கையும் எழவில்லை.

"நம்பாதவங்க?"

அறுபத்திரண்டு கைகள்.

"அப்ப ஜோதிமேரி போடல" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார்.

"நான் போட்டத இல்லைங்கிறதுக்கு நீங்க யாருங்க?" என்று கத்தினாள் அவள்.

"மெஜாரிட்டி சொல்லிருச்சு மேரி. கயித்துக்கு வெளிய போ."

இரண்டு பெண்கள் வந்து அவளை அணைத்துக் கூட்டிப்போனார்கள். ஒருத்தி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "இம்புட்டு நல்ல மனசு ஆகாது அக்கா" என்றாள்.

அடுத்து டென்னிஸை எழுப்பினார்கள். சுகந்தி பேச முடியாது. பெண்ணுக்குத் தலைக்கட்டு கிடையாது. அவளுக்காக அவன்தான் பேச வேண்டும்.

"அவ போடல. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம்" என்றான்.

"மறைப்புக்குள்ளயும் ஒண்ணாத்தான் போனீகளாலே?"

"இல்ல."

"பெறகு எப்படிலே தெரியும்?"

"எட்டு வருசமா அவகூட வாழுறேன். எனக்குத் தெரியாதா?"

"அவ சித்தப்பனே வாயாலே சொல்லிட்டான். உனக்கு மட்டும் தெரியலையாக்கும்!"

சுகந்தி போட்டதாக நம்புகிறவர்கள் கை தூக்கச் சொன்னார் சவேரியார். முதலில் முப்பது கை இருக்கும். மற்றவர்கள் பக்கத்து ஆளின் கையைப் பார்த்தார்கள். பக்கத்துக் கை எழுந்ததும் இவர்கள் கையும் எழுந்தது. தேர்தலுக்கு முன்னால் இருளாண்டிக்குக் கை தூக்கியிருந்த இருபத்து மூன்று பேர்தான் எல்லோரையும்விட உயரமாகத் தூக்கினார்கள். கடைசியில் டென்னிஸைத் தவிர எல்லோர் கையும் மேலே இருந்தது.

"அந்தப் பொண்ணு பொறந்த வீட்டுக்குப் போயிரணும். துறையில கால் வைக்கக் கூடாது. டென்னிஸ் இங்கன இருக்கலாம், தொழிலுக்குப் போகலாம். புள்ள கோயில் புள்ள, அது இங்கனதான் இருக்கும். அவளோட சேந்து இருப்பேன்னு டென்னிஸ் சொன்னா, அவன் வள்ளத்துக்கு யாரும் கை கொடுக்கக் கூடாது, மீனை எடை போடக் கூடாது, ஐஸ் குடுக்கக் கூடாது. தீர்மானம் ஏகமனதா இருக்கணும்பா. அறுபத்து நாலும் இருந்தாத்தான் பாண்டித்துரைகிட்டக் கொண்டுபோய்க் காட்ட முடியும்" என்றார் சவேரியார்.

கைகள் மளமளவென்று எழுந்தன. சவேரியாரும் தன் கையைத் தூக்கிக்கொண்டார். எண்ணினார். "அறுபத்து மூணு."

எல்லோரும் டென்னிஸைப் பார்த்தார்கள். அவன் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டகைக்கு வெளியே அவன் வள்ளம் கவிழ்ந்து கிடந்தது. அதைத் தண்ணீரில் இறக்க எட்டுப் பேர் வேண்டும்.

"நாங்க என்ன அவளக் கொல்லவா சொல்றோம்? மேலவயல் மூணு கிலோமீட்டர்" என்றது ஒரு குரல்.

"புள்ளைக்கு வார மாசம் கோயில்ல புதுநன்மைச் சடங்கு. நீயும் வெளிய நின்னா யாருலே செய்வா?" என்றது இன்னொரு குரல்.

டென்னிஸின் கை மெதுவாக எழுந்தது. தோள் வரைக்கும் வந்து நின்றது.

"நல்லாத் தூக்குலே. எண்ணணும்ல" என்றார் சவேரியார்.

தூக்கினான்.

சுகந்தி அழவில்லை. மகளின் சடையில் அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டினாள். கட்டி முடித்ததும் பிள்ளையை ஜோதிமேரியின் கையில் கொடுத்துவிட்டு, கட்டிய புடவையோடு ரோட்டைப் பார்த்து நடந்தாள். பிள்ளை "எம்மா" என்று கத்தியது. ஜோதிமேரி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காமல் விட்டிருக்கலாமே என்று பின்னால் பல தடவை நினைத்தாள்.

திங்கட்கிழமை சவேரியார் வெள்ளை வேட்டி கட்டி, நோட்டை எடுத்துக்கொண்டு பாண்டித்துரையைப் பார்க்கப் போனார். திரும்பி வரச் சாயங்காலம் ஆனது. வந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. 'அடப்பாவிகளா, நான் சும்மா வேடிக்கைக்குச் சொன்னேன்யா, அதுக்குப் போய் ஒரு பொம்பளைய வெரட்டிட்டீகளா'ன்னாரு. பெறகு உறுப்பினர் கூட்டத்துல குழாயை ஓட்டுக்கு விட்டாங்க. உள்ளூர்ல ரெண்டு தெருவுக்கு மொதல்ல போடணும்னு எட்டுப் பேரு. துறைக்குப் போடணும்னு நம்ம உறுப்பினர் ஒத்த ஆளு."

"நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"என்னத்தக் கேக்க? எட்டுக்கு ஒண்ணு. அவுக பக்கம் மெஜாரிட்டி." சாதாரணமாகத்தான் சொன்னார். அதில் அவருக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

"குழாய்தான் இல்லைன்னு ஆயிருச்சே. அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்துருவோம்."

"தீர்மானம் போட்டாச்சு. மாத்தணும்னா கூட்டம் கூட்டணும். எவன் கை தூக்குவான்?"

"நான் போட்டதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

சவேரியார் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நீ போடல மேரி. நோட்டுல இருக்கு" என்றார்.

புதன்கிழமை ஜோதிமேரி யாரிடமும் சொல்லாமல் மேலவயலுக்குப் போனாள். ஒரு பையில் சுகந்தியின் புடவைகள். டென்னிஸ் கண்ணில் படாமல் ஆஸ்லின் எடுத்துக் கொடுத்தவை. இருளாண்டியிடமே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அவர் அந்த வீடியோவுக்கு மறுப்புச் சொன்னால் துறையில் நாலு பேராவது யோசிப்பார்கள்.

இருளாண்டி வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். இருளாண்டி எழுந்து கும்பிட்டார்.

"வாங்க வாங்க. துறைத் தலைவர் வீட்டம்மாவா? பாத்தீகளா எம் மகள? ஒத்த ஓட்டப் போட்டு உங்க துறையவே ஆட்டிட்டா! தோத்ததுல எனக்கு வருத்தமே இல்ல. சாகுற வரைக்கும் எம் மக என் வீட்லதான் இருப்பா."

ஜோதிமேரி பையைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணு சொல்லணும். அந்த ஓட்டு..."

"அத்தை, உள்ள வாங்க, தண்ணி குடிங்க." சுகந்தி எங்கிருந்தோ ஓடி வந்து அவள் கையைப் பிடித்து வீட்டுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். மாட்டுக் கொட்டிலின் ஓரத்தில் நின்றார்கள். சுகந்தியின் கையெல்லாம் சாணம். அங்கே குனிந்து எருமைக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த இருளாண்டியின் பெண்டாட்டி பிச்சையம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"விருந்தாளி வேறயா? ஒத்த ஓட்டுக்கு எத்தனை நாளைக்கடி சோறு போடுறது?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போகும்வரை சுகந்தி காத்திருந்தாள். "என்ன சொல்ல வந்தீக?"

"நெசத்தச் சொல்லத்தான். நீ போடல, நான் போட்டேன். உங்க சித்தப்பா சொன்னா துறையில..."

"வாய மூடுங்க அத்தை." மெதுவாகத்தான் சொன்னாள். "வந்த அன்னைக்கு நான் போடலைன்னுதான் சித்தப்பாகிட்டச் சொன்னேன். அவரு மூஞ்சி மாறிப் போச்சு. 'அப்ப நீயும் எனக்கு எதிராத்தான் குத்துனியா'ன்னு கேட்டாரு. சித்தி என் துணிய எடுத்து வெளிய வைக்கச் சொன்னா. எனக்கு ஏது துணி? மறுபடியும் உள்ள போனேன். பயந்துபோய்ப் பொய் சொன்னேன், நான்தான் போட்டேன்னு சொல்லிட்டேன். இப்ப எனக்குச் சோறு போடுறது அந்த ஓட்டுதான்."

"ஆஸ்லின்..."

"நல்லா இருக்காளா?"

"அழுகுறா."

சுகந்தி கையைப் புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "ஊர்க் கூட்டத்துல சொன்னீக, யாரும் நம்பல. இங்கன சொன்னா எல்லாரும் நம்பிருவாக. தயவுசெஞ்சு சொல்லிராதீக."

முற்றத்திலிருந்து இருளாண்டி கூப்பிட்டார். "தாயி, சுகந்தி! இங்கன வா. உச்சிப்புளியில இருந்து நம்ம சம்பந்தி வந்திருக்காரு. அன்னைக்கு எப்படிக் குத்துனன்னு சொல்லு!"

சுகந்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். ஜோதிமேரி பின்னாலேயே போய் வாசல் நிலைக்குப் பக்கத்தில் நின்றாள். நாற்காலிகள் எல்லாம் அவர்கள் பக்கம் திரும்பின. பிச்சையம்மாளும் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சுத்தி அவுக ஆளுகதான் மாமா" என்று ஆரம்பித்தாள் சுகந்தி. "எல்லாரும் என்னையே பாத்தாக. நான் யாருக்கும் பயப்படல. சித்தப்பா மூஞ்சிய நெனச்சுக்கிட்டேன்..."

"ஆகா!" என்றார் சம்பந்தி.

"கை நடுங்கவே இல்ல."

நாற்காலிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இருளாண்டி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜோதிமேரியைப் பார்த்தார். "நீங்க அன்னைக்கு அங்கனதானே இருந்தீக? சொல்லுங்க, எம் மக எப்படிப் போனா?"

சுகந்தி திரும்பவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்து நின்றது.

"நிமிர்ந்துதான் போனா" என்றாள் ஜோதிமேரி.